எதிர்ப்பொருள் வந்த பிறகு

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிற நான், பிளாஸ்மா செல்லை எத்தனை தடவை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. உட்கரு ஒரு பக்கமாக ஒதுங்கிய முட்டை வடிவச் செல். அதே செல் என் எலும்பு மஜ்ஜையில் கெட்டுப்போய், தறிகெட்டுப் பெருகி, எதற்கும் உதவாத ஒரு புரதத்தைச் சுரந்து தள்ளுகிறது, இது ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். உன்னைப் பற்றி நான் எவ்வளவு மரியாதையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

மரியாதைக்குரிய செல்தான் அது. மஜ்ஜையில் பிறக்கிற பி செல், நிணநீர் முடிச்சில் தனக்குப் பொருந்தும் கிருமியைச் சந்திக்கிறது. டி செல் கைகொடுக்க, பலவாகப் பிரிகிறது. ஒவ்வொரு பிரதியிலும் சின்னச் சின்ன மாற்றம். கிருமியை இறுகப் பிடிக்கிறவை பிழைக்கும், மற்றவை சாகும். நாங்கள் வைக்கிற பொதுத்தேர்வெல்லாம் அதற்கு முன்னால் விளையாட்டு. தேறியவற்றில் சில பிளாஸ்மா செல்லாக முதிர்ந்து, மஜ்ஜைக்குத் திரும்பி, ஓர் இடம் பிடித்து உட்காரும். அதன் பிறகு பிரிவதில்லை. கிருமியை முடக்கும் எதிர்ப்பொருளைச் சுரப்பது ஒன்றே வேலை. அப்படியே வருடக்கணக்கில் இருக்கும். ஆனால் தனியாக இருக்க அதற்கு முடியாது. சுற்றியிருக்கும் செல்கள் 'இரு, இரு' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தனியே எடுத்து வைத்தால் சில நாட்களில் செத்துப்போகும். இதை நான் வகுப்பில் சொன்னதில்லை. பாடத்தில் இல்லை.

சிகிச்சையில் நல்ல செல்லும் கெட்ட செல்லும் சேர்ந்தே அழிந்தன. என்னுடைய ஸ்டெம் செல்லையே எடுத்துவைத்துத் திருப்பி ஏற்றினார்கள். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போயிருக்கும், எல்லாம் முதலிலிருந்து போட வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை கூட்டத்துக்குப் போகக் கூடாது, வீட்டுக்கு ஆள் வரக் கூடாது.

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். வீட்டில் நான் ஒருத்திதான். ஆனால் நாகர்கோவிலை ஒட்டிய எங்கள் ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் சபையே திரண்டு வந்துவிடும். ரொட்டி, ஹார்லிக்ஸ், கட்டிலைச் சுற்றி நின்று தலையில் கைவைத்து ஜெபம். வராதவர்களை ஆயுளுக்கும் மறக்கமாட்டோம். அதனால் போதகரிடம் சொல்லி, ஞாயிறு ஆராதனையில் 'டீச்சரைப் பார்க்க யாரும் போக வேண்டாம்' என்று அறிவிக்கச் செய்தேன். அறிவிப்பில் வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது சட்டம். ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மீன்குழம்புத் தூக்கைக் கேட்டில் மாட்டி, மணியடித்துவிட்டு, ஓட்டமாக ஓடுவாள். நான் கதவைத் திறக்கும்போது முதுகுதான் தெரியும். சில மாலைகளில் யாருமில்லாத அறையில் பாடம் எடுப்பதுபோல் சத்தமாகப் பேசுவேன், குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க. தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எனக்குப் பழகவில்லை.

நான் எதிர்பார்த்துக் கிடந்தது ஒன்றைத்தான்: சபையின் அசனம். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையன்று எல்லோரும் தரையில் தோளோடு தோள் இடித்துச் சாப்பிடுகிற பந்தி. அதில் உட்கார்ந்துவிட்டால் நானும் மறுபடி மனுஷி என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அதற்காகவே முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் வீறிட்டழும் கைக்குழந்தைகளுக்கு நடுவே வரிசையில் இருந்து ஊசிகளைப் போட்டுக்கொண்டேன். பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எதிர்ப்பொருள் வந்துவிட்டது. புதிய பிளாஸ்மா செல்கள் எங்கோ என் எலும்புக்குள் இடம்பிடித்திருக்கின்றன. இனிக் கூட்டத்துக்குப் போகலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் பட்டுச்சேலையை எடுத்து வெயில் காட்டினேன்.

ஆலய வளாகத்தில் என்னைக் கண்டதும் பெண்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் நான் ஓரடி முன்னே வைத்தால் அவர்கள் ஓரடி பின்னே போனார்கள். பக்கத்து வீட்டு அக்கா தூரத்தில் நின்றே சத்தம்போட்டுச் சொன்னாள்.

"டீச்சரே, ஒங்களுக்கு சண்டே ஸ்கூல் ரூம்ல தனியா மேசை போட்டிருக்கு. பினாயில் ஊத்திக் கழுவியாச்சு."

"எனக்குத்தான் எல்லாம் சரியாயாச்சுல்லா. டாக்டரே சொல்லியாச்சு."

"இருக்கட்டு டீச்சரே. எங்களால ஒங்களுக்கு ஒண்ணும் வந்திரப்பிடாது. நீங்க சொகமா இருந்தா போரும்."

அந்த அறையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓர் இலை. வெளியே பந்தியின் இரைச்சல். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், அக்காவுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் எழுந்து போகவில்லை. சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் வரிசையில் சத்தமே இல்லை. அக்கா உதட்டை இறுக்கி மூடி மென்றுகொண்டிருந்தாள். பேசினால் எச்சில் தெறிக்கும், அது எனக்கு ஆகாது என்று, ஊர்வம்பு பேசாமல் ஒரு வாய் சோறு இறங்காத அத்தனை பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

யாராவது என்னிடம் ஒரு வார்த்தை பேசுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின. மூக்கை உறிஞ்சவும் பயமாக இருந்தது. டீச்சருக்குச் சளி பிடித்துவிட்டது என்று, என்னை மறுபடியும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.