பஸ்ஸில் போன அரிசி

எங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கம் மேடு என்றால் வீராணம் ஏரிக்கரை ஒன்றுதான். மற்றதெல்லாம் வயல், தட்டு மாதிரி. கொல்லிமலைக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய் வருவோம் என்று வீட்டுக்காரர் சொன்னதும், வண்டி மலை ஏறுமா என்று அந்தக் கரையில்தான் சோதித்தோம். பின்னால் நான், எனக்குப் பின்னால் அரிசி மூட்டை. ஒரே மூச்சில் ஏறிவிட்டது.

“கரையே ஏறிடுச்சி, மலை என்னா பெருசு?” என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அரிசி எதற்கு என்றால், போகிற இடத்தில் எவரோ பொங்கிய சோற்றை நான் தின்ன மாட்டேன். ஏரித் தண்ணீரில் விளைந்த எங்கள் பொன்னிக்கு ஈடு உண்டா?

மருமகள் வாசலில் நின்று சிரித்தாள். “மலையப் பாத்ததும் பஸ் ஏறிடுவீங்க அத்த.”

“உச்சியிலேருந்து போன் பண்றன்டி, வண்டியில குந்திகினே.” சொன்னதை விடுகிற ஆள் நான் இல்லை.

முதல் நாள் விருத்தாசலம் தாண்டி ஆத்தூரில் தங்கினோம். லாட்ஜின் பின்பக்கம் அடுப்பு கேட்டு வாங்கிச் சோறாக்கினேன். மறுநாள் மலை. நாங்கள் போகவேண்டிய ரோடே தலைக்குமேல் மடிந்து மடிந்து தெரிந்தது. பலா மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, காதில் குளிர்ந்த காற்று. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் முன்சக்கரம் மேலே தூக்கிவிட்டது. அவர் காலை ஊன்றி நிறுத்திவிட்டார்.

“கனம் ஜாஸ்தி. எறங்குடி. பஸ் வருது பாரு, அதுல வந்துடு.”

மருமகளின் சிரிப்பு காதுக்குள் கேட்டது.

“ஏன் மாமா, அரிசி பஸ் ஏறாதா?” என்றேன் அவரிடம்.

அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார்.

“மூட்ட மட்டுமா? ஆளு வர்லியா ஆயா?” என்றார் கண்டக்டர்.

“அது தனியா வரும்யா. மேல டீக்கடையில எறக்கிடு.”

“ஜன்னலோரமா குந்த வைய்யி, வாந்தி எடுக்கப்போவுது,” என்று உள்ளிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதன்பிறகு வண்டி முனகிக்கொண்டே ஏறியது, ஆனாலும் ஏறியது. உச்சியில் டீக்கடை பெஞ்சில் மூட்டை எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தது. நான் வண்டியைவிட்டு இறங்காமலே போனைப் போடச் சொன்னேன்.

“பஸ்ஸுலதான போனீங்க அத்த?”

“பஸ்ஸுல அரிசி வந்துச்சிடி. நான் வண்டியில வந்தன்.”

இரண்டு நாள் அங்கேயே ஆக்கித் தின்றோம். டீக்கடைக் குடும்பத்துக்கும் சேர்த்தே வடித்தேன், மிச்ச அரிசியையும் அவர்களுக்கே கொட்டிக் கொடுத்தேன். இறங்கும்போது மூட்டையும் வண்டியிலேயே வந்தது, மடித்து என் மடியில் வைத்த வெறும் சாக்காக.