மூன்றாம் வகுப்புச் சன்னலில் பிரம்பில்லாத நாட்கள்

இரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவன் நாளெல்லாம் மனிதர்களோடு பழகுகிறான். ஆனால் ஒருவர் முகத்தையும் பார்ப்பதில்லை, கைகளை மட்டுமே பார்க்கிறான்.

இதைப் படிப்பவர்களில் சன்னலுக்கு உள்ளே அமர்ந்து துன்புற்றவர்களும் இருப்பீர்கள். வெளியே நின்று துன்புற்றவர்களும் இருப்பீர்கள். இரு சாராரும் மற்றவரை மரியாதை அறியாதவர் என்று எண்ணியே காலத்தைக் கழித்தோம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பாதையில் ஒரு சிறு நிலையத்தில், மூன்றாம் வகுப்புச் சன்னலில், நான் பல ஆண்டுகள் சீட்டு விற்கும் கிராணியாக, அதாவது எழுத்தனாக, இருந்தேன். காலையில் நீராடித் திருநீறணிந்து, பதிகம் ஓதிய பின்னரே வேலைக்குப் புறப்படுவேன். சன்னற்பலகையைத் தூக்கிய மறுகணமே, பதிகம் ஓதிய அதே வாயிலிருந்து, "ஏய், எங்கே போகணும், சீக்கிரம் சொல்லு" என்பது வந்துவிடும். இரண்டும் ஒரே நாவின் தொழில்தானா என்ற ஐயம் எனக்கு வெகுகாலம் எழவில்லை. அது எழுந்த விதத்தை நினைவுக்கு வந்தபடி சொல்கிறேன்.

தேள் உருவம் குத்திய கை

எங்கள் சன்னல் என்பது மரத்தடுப்பில் அரைவட்டமாக அறுத்த ஒரு துளை. வெளியே நிற்பவருக்கு அது இடுப்பளவு உயரம். உள்ளே நான் அமர்ந்திருந்ததோ உயர்ந்த முக்காலி. வண்டிக்கு மணி அடித்ததும் பத்துப் பதினைந்து கைகள் ஒன்றாக அத்துளைக்குள் நுழையும். இந்த நெரிசலை அடக்குவதற்காகப் பியூன் முனியாண்டியின் கையில் ஒரு பிரம்பைக் கொடுத்திருந்தார்கள். பிரம்பை எங்கள் ஊரில் ரோத்தான் என்போம். முனியாண்டி கொடியவன் அல்லன்; நாற்பது வயதைக் கடந்த, நான்கு பெண்களைப் பெற்ற சாதுவான மனிதன். ஆயினும் கையில் கொடுத்த பொருளுக்கு ஒரு வேலை வேண்டுமல்லவா?

ஒருநாள் காலை ரோத்தான் இறங்கிய ஓசை கேட்டது. துளைக்குள் நீண்டிருந்த ஒரு பெண்ணின் கையில் கண்ணாடி வளையல் உடைந்து, பச்சைத் துண்டுகள் என் பலகையின்மேல் சிதறின. மணிக்கட்டில் தேள் உருவம் பச்சை குத்தியிருந்தது. அதன்மேல் இரத்தம் கசிந்தது. கை பின்வாங்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எந்த ஊருக்கு என்றே கேட்டேன். முகம் தெரியாத அந்தக் குரல் தழுதழுத்தது: "கிள்ளானுக்குங்க சாமி. அவரு அங்க ஆஸ்பத்திரில பேச்சு மூச்சில்லாம கெடக்காரு. இன்னிக்குப் பாத்து வளையல் ஒடஞ்சு போச்சே."

தவணை

சுமங்கலியின் வளையல் உடைவது என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் பதிகம் ஓத அமர்ந்தபோது நா எழவில்லை. நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் சென்றேன். அவர் என்னைப் போலவே யாழ்ப்பாணத்தவர்; கண்டிப்பானவர், ஆனால் காதுகொடுத்துக் கேட்பவர். ரோத்தானை எடுத்துவிட வேண்டும், சனங்களை நல்ல சொல்லாலேயே வரிசையில் நிறுத்திக் காட்டுகிறேன் என்றேன். தைப்பூசத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. பூசத்தன்று பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும் கூட்டம் எங்கள் நிலையத்தில் எப்படி மோதும் என்பதை இருவரும் அறிவோம்.

"பூசம் வரைக்கும் ரோத்தான் என்ரை அறையிலை இருக்கட்டும்," என்றார். "அண்டைக்கு ஒரு சனம் விழுந்தாலும் ரோத்தான் முனியாண்டியிட்டைத் திரும்பிப் போகும்; நீர் ரவாங் சரக்குக் கொட்டகைக்கு மாற்றலாகிப் போவீர். சம்மதமோ?"

சம்மதித்தேன். ரோத்தானைப் பறிகொடுத்த முனியாண்டிக்குத்தான் திகைப்பு. "கையில ஒன்னும் இல்லாம எப்படிங்க ஐயா நிக்கிறது?"

பெரிய துரை வந்த நாள்

முனியாண்டி முதலில் கைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தான். பின்பு இடுப்பில் வைத்தான். எதுவும் பொருந்தாமல், கடைசியில் மார்பின்மேல் கைகட்டிச் சன்னலருகே நின்றுவிட்டான். அன்று நிகழ்ந்ததை நான் எதிர்பார்க்கவேயில்லை. வழக்கமாகத் தலைக்குமேல் கை ஓங்கும் பியூன் கைகட்டி நிற்பதைக் கண்டவர்கள், உள்ளே யாரோ பெரிய அதிகாரி இருக்கிறார் என்று முடிவுசெய்தார்கள். பேச்சு அடங்கியது. மேல்துண்டுகள் தோளிலிருந்து இறங்கின. ஒருவர்பின் ஒருவராக, நாங்கள் சொல்லாமலே, வரிசை தானாக அமைந்தது. முன்னால் நின்றவர் மெல்லிய குரலில் உள்ளே எந்தத் துரை என்று விசாரித்தார்.

முனியாண்டி பொய் சொல்லவும் இல்லை, மெய்யை வீணாக்கவும் இல்லை. "எந்தத் தொரை இருந்தா என்னண்ணே, நீங்க நிக்கிறது நல்லாயிருக்கு, அப்படியே நில்லுங்க."

வரவேற்புக்கு அஞ்சியவர்

வரிசை ஓரளவு படிந்ததும் என் நாவைத் திருத்தத் தொடங்கினேன். வருபவர் யாராயினும், "வாங்க ஐயா, எங்கே போகணும்?" என்று கேட்பதென்று முடிவு. முதலில் வந்தவர் ரப்பர் பால்மரத் தோட்டத்துத் தொழிலாளி. என் தந்தை வயதிருக்கும். நான் வாங்க ஐயா என்றதும் அவர் விலகி நின்று, பின்னால் வருபவருக்கு வழிவிட்டார். பின்னால் நின்றவரும் தமக்குப் பின்னால் பார்த்தார். இப்படியே அந்த மரியாதை ஏற்பாரின்றி வரிசையின் பாதிவரை சென்று திரும்பியது.

அவரையே மீண்டும் அழைத்தேன். குனிந்து கைகூப்பியபடி வந்தார். பிறரை அவமதித்தால் மனம் நோகும் என்பதை நான் அறிவேன். மரியாதையும் ஒருவரை நடுங்கச் செய்யும் என்பதை அன்றுதான் கண்டேன். அவர் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது: "கிராணி ஐயா, நான் என்னா தப்பு செஞ்சேன்? எப்பவும் போலவே பேசுங்களேன்."

குடைக்காம்பு

வாரந்தோறும் ஒரு சீனக் காய்கறித் தோட்டக்காரர் வருவார். அவர் எதுவும் பேசமாட்டார். குடையின் காம்பைத் துளைக்குள் நீட்டி என் பலகையை மூன்று முறை தட்டுவார். ஒருமுறை அது என் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டது. சினத்தை விழுங்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த, சந்தையில் புழங்கும் பாசார் மலாயில், இது தகுமா என்று பணிவாகவே கேட்டேன். அவர் வியப்போடு மலாயிலேயே விடை சொன்னார். அதன் பொருள் இதுதான்: "உள்ளே ஆள் இருக்கிறானா? நான் இத்தனை வருடமாகக் கையை மட்டும்தான் பார்த்தேன்."

வண்டிகள் இல்லாத வேளையில் வெளியே சென்று, என் சன்னலின் முன்னால் நான் நின்று பார்த்தேன். குனிந்தேன். இருண்ட துளை, அதனுள் காலி முக்காலியின் இரண்டு கால்கள். கோயிலில் கருவறை வாயில் தாழ்ந்திருக்கும். அங்கே குனிவது நமக்குப் பேறு. அந்த மரியாதையைச் சம்பளக்காரனாகிய நான் எதற்காக வாங்கிக்கொண்டிருந்தேன்? சன்னலை உயர்த்த எனக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே முக்காலியை அப்புறப்படுத்திவிட்டு, மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்தேன். இப்போது துளைக்கு நேரே என் முகம் இருந்தது. குனிபவர் என்னைக் கண்டார். நானும் அவரைக் கண்டேன். பார்சல் கிராணியாக இருந்த என் நண்பர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முக்காலிக்குக் கால் போச்சோ, உமக்கு மதி போச்சோ, காணும்?"

அசையாத இருவர்

இன்னொரு நாள், தங்கச் சங்கிலியில் கடிகாரம் தொங்கவிட்ட ஒரு சாலைக் காண்டிராக்டர் வந்தார். வரிசையை அவர் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அதன்மேல் கண் தங்கவில்லை. முன்னால் நின்ற கூடைக்காரப் பெண்ணைத் தோளால் ஒதுக்கிவிட்டுத் துளையில் கையை நுழைத்தார். அந்த அம்மாளுக்குப் பிறகு உங்களுக்குத் தருகிறேன் என்றேன். என் வேலையைத் தொலைத்துவிடுவதாக அவர் சொன்னார். சரி, அதற்கும் அந்த அம்மாளுக்குப் பிறகுதான் முறை என்றேன்.

ஆனால் அந்த அம்மாள் முன்வரவில்லை. அவரும் நகரவில்லை, அவளும் நகரவில்லை. நான் ஒருவருக்கும் சீட்டுக் கொடுக்க முடியாமல் அமர்ந்திருந்தேன். தூரத்தில் வண்டியின் ஊதல் கேட்டது. வலியவரைத் தடுத்துவிடலாம், எளியவர் தமது உரிமையில் காலெடுத்து வைக்கச் செய்வது எவ்வளவு கடினம் என்று விளங்கிய கணம் அது. அப்போது நடுவரிசையில் நின்ற, சொங்கோக் தொப்பியணிந்த ஒரு மலாய்ப் பெரியவர் முன்வந்து, காண்டிராக்டரின் முழங்கையை மணமகனை அழைப்பதுபோல் மெல்லப் பற்றித் தம் இடத்துக்கு அழைத்துச் சென்றார். தாம் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்; கூடைக்காரப் பெண்ணும் துளையருகே வந்தாள். அதட்டியிருந்தால் எதிர்த்திருப்பார், உபசரித்தபின் என்ன செய்வார்? பெரியவர் மலாயில் சொன்னதைக் கேட்டு வரிசை முழுவதும் சிரிப்பை அடக்கிக்கொண்டது: "இங்கே நில்லுங்கள் ஐயா, முன்னால் வெயில் அதிகம்."

நான் தவறிய நாள்

எல்லாம் திருந்திவிட்டதாக எண்ணிய வாரத்தில்தான் இது. குளிர் காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்தேன். ஒரு முதியவர் கிள்ளான் வண்டி எந்தப் பக்கம் வரும் என்று மூன்று முறை கேட்டார். நான்காம் முறை கேட்டதும், "காது செவிடா உனக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. சன்னலுக்கு நேரே குனிந்து என் முகத்தை, குறிப்பாக நெற்றியை, அக்கறையோடு பார்த்தார். "இன்னிக்குச் சாமி கும்புடாம வந்துட்டீங்களா ஐயா?"

பால்

தைப்பூசத்தன்று விடிந்தபோதே வரிசை நிலையத்தைத் தாண்டிச் சாலைவரை நீண்டிருந்தது. மாஸ்டர் தம் அறைவாயிலில் நின்றார். ரோத்தான் அவர் முதுகுக்குப் பின்னால், கையில் இருந்தது. முதல் வண்டி அமைதியாகப் போயிற்று. இரண்டாம் வண்டிக்கு மணி அடித்ததும், இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று சாலையில் நின்றவர்கள் நெருக்கினார்கள். வரிசை வளைந்து புடைத்தது. பெட்டிமேல் அமர்ந்திருந்த என் குரல் முன்னால் நின்ற நான்கு பேரைத் தாண்டவில்லை. மாஸ்டரின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னுக்கு வந்தது.

அந்நேரம் சன்னலுக்கு எதிரே தலையில் பால்குடத்தோடு ஒரு பெண் நின்றாள். புதிய முகம். இரு கைகளும் குடத்தைப் பற்றியிருந்தன. நேர்த்திக்குடத்தைத் தரையில் வைக்கலாகாது. கையை எடுக்காமல் சீட்டு வாங்கவும் இயலாது. பின்னால் தள்ளிய தள்ளலில் பால் அலம்பி, மூடியிருந்த மஞ்சள் துணி நனைந்தது. குடத்தை வாங்கிக்கொள் என்று முனியாண்டியிடம் சொன்னேன். அவன் கைகளைச் சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். தானும் விரதம்தான் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தை நோக்கித் திரும்பி நின்றான்.

அவனால் கை ஓங்க முடியாது. குரல் எழுப்பவும் முடியாது. அசையாமல் நின்றான். முன்னால் இருந்தவர்கள் குடத்தைக் கண்டு, காலை ஊன்றித் தம் முதுகாலேயே பின்னிருப்பவர்களைத் தாங்கினார்கள். "பாலு, பாலு" என்ற சொல் வாய்க்கு வாய் மாறிச் சாலைவரை சென்றது. புடைத்திருந்த வரிசை நேராயிற்று. ஒருவருக்கும் மற்றவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி விழுந்தது. மனிதருக்கு விடாத வழியைப் பாலுக்கு விட்டார்களே, இது பக்தியா, பண்பா?

துளைக்குள் ஒரு கை நீண்டது. மணிக்கட்டில் தேள். அதற்குமேல் முன்கை நிறையப் புதிய பச்சைக் கண்ணாடி வளையல்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்னவானார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்துமலைக்கு எத்தனை என்று மட்டும் கேட்டேன். இரண்டு என்றாள்; தூணருகே தடியூன்றி நின்ற ஒரு மெலிந்த மனிதரைக் கண்ணால் காட்டினாள்.

சீட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, குடத்தை வாங்கத் திரும்பியவள் ஒரு கணம் நின்றாள். குடத்தைப் பற்றியிருந்த முனியாண்டியின் வலக்கையைப் பார்த்தாள். அவனுக்கும் தெரிந்துவிட்டது, தலையைக் குனிய வழியில்லாமல் கண்களை மட்டும் தாழ்த்திக்கொண்டான். அவள் குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. வேலை நடக்க வேண்டும் என்ற அக்கறை மட்டுமே இருந்தது. "அன்னிக்கு அடிச்ச கைதானேண்ணே இது? பாத்து எறக்குங்க, ஒரு சொட்டு சிந்தக்கூடாது."

அன்று ஒருவரும் விழவில்லை, நானும் ரவாங்குக்குப் போகவில்லை, ரோத்தானோ மாஸ்டர் அறையின் சன்னற்கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுக்கும் வேலையில் அமர்ந்து, எங்கள் நிலையத்தில் ஒருவரையும் அதட்டாமல் ஒரு நாள் முழுவதும் பணிபுரிந்த முதல் ஊழியன் என்ற பெயரை எனக்கு முன்னதாகவே தட்டிக்கொண்டது.