முட்டிக்கடியில் இரண்டு விரல்

காலையில் நொண்டி நொண்டி எழுந்து, மத்தியானம் ஓடிப்பிடித்து விளையாடுகிற பிள்ளையைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்குது" என்று நீங்கள் சொன்னதே இல்லையா?

மதுரைப் பக்கம் பரவையில் பாண்டிமீனா சொல்லியிருக்கிறாள், பெற்ற மகளைப் பார்த்தே. மார்க்கெட்டில் வெங்காயம் தரம்பிரிக்கப் போகிற அவசரத்தில், ஏழு வயது அஸ்வினியின் முதுகில் ஒன்று வைத்தும் இருக்கிறாள்.

முட்டி வீங்கியதும் அடி நின்றது, சாமி வந்தது. குறி சொல்கிற கோடாங்கி கயிறு கட்டி, நாற்பத்தெட்டு நாள் பிள்ளையின் கால் தரையில் படக் கூடாது என்றான். தெய்வக்குத்தமாம். ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெய்வத்துக்கும் அப்படி என்ன பகை என்று ஒருவரும் கேட்கவில்லை. கக்கூசுக்குக்கூட மகளை இடுப்பில் தூக்கிப் போனாள் பாண்டிமீனா. நாற்பத்தொன்பதாம் நாள் இறக்கிவிட்டால், வலது கால் மடங்கினது மடங்கினபடி நின்றது.

"சின்னப் பிள்ளைகளுக்கும் மூட்டுவாதம் வரும்க்கா. காலையில இறுகும், நடக்க நடக்கத் தளரும். அசைக்காம வச்சதுல இறுகிப்போச்சு" என்றாள் பெரியாஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற நாஸியா. அஸ்வினியைப் படுக்கவைத்து முட்டிக்கடியில் கையை விட்டாள். நாலு விரல் தாராளமாகப் போனது. "முட்டி பாயைத் தொடணும். அப்பத்தான் நேரா நடப்பா. மாத்திரையையும் விடாதீங்க, பயிற்சியையும் விடாதீங்க."

ஏழு மாதமாயிற்று. விடிந்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம். பிறகு குதிகாலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைக் கீழே அமுக்கி அஞ்சு எண்ண வேண்டும். அஸ்வினி மூன்றை விழுங்கிவிடுவாள்.

"பொய்யா எண்ணுனா சாமி கண்ணக் குத்துமாம்மா?"

"சாமி குத்தாது. நான் குத்துவேன், அமுக்குடி."

அடுத்த வீட்டு அழகம்மாள் எட்டிப் பார்ப்பாள். "நோவுற கால இம்புட்டு வதைக்கிறியே, பெத்தவளா நீ?"

"ஒரு நாளு நீ வந்து பிடி மதினி. நான் செத்த நேரம் கண்ணசருறேன்."

அழகம்மாள் அதற்கு மட்டும் வரமாட்டாள்.

நாலு விரல் இரண்டானது. அதற்குமேல் குறையவில்லை. ஏனென்று போன வாரம்தான் தெரிந்தது. பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் அஸ்வினி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளின் செருப்புக்குக் காவலிருக்கிறாள். காலையில் தளர்ந்த கால் அங்கே மறுபடி இறுகுகிறது. அரை நாள் வேலையை விட்டுவிட்டு, பிள்ளையை விளையாட விடலாம் என்று டாக்டர் எழுதிய சீட்டோடு பள்ளியில் போய் நின்றாள் பாண்டிமீனா.

"விழுந்து வச்சா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் விளையாட்டு வாத்தியார் மருது.

"விழுந்தா எந்திரிச்சிருவா சார். நாப்பத்தெட்டு நாளு உக்கார வச்சு நான் பட்டது போதும்."

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பாப்போம்மா."

இன்று காலையும் பாண்டிமீனா கையை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் போனது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் செருப்புக்குக் காவலாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். நாளைக்கே போய், ஏன் என்று கேளுங்கள். மருத்துவர் ஆடச் சொன்ன பிள்ளை என்றால், அதை மைதானத்தில் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.