கயிறு

இடஒதுக்கீடு கேட்டு நாங்கள் சாலையை மறித்த நாட்கள். தியாகதுருகம் சாலையில் புளியமரத்தைச் சாய்த்துவிட்டு, போலீஸ் ஜீப் வருமோ என்று பார்த்துக்கொண்டே நின்றோம்.

பஸ் இல்லாததால் ஒரு நர்ஸம்மா, நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டி வந்தார். நர்ஸம்மாவுக்கு ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை முழுக்கப் புழுதி. பின்னால் அந்தப் பெண்ணின் மாமியார்.

"புத்தி சரியில்லீங்க. நாலு நாளா தூங்கல, துன்னல," என்றாள் மாமியார்.

"நீங்க மாத்திரைய நிறுத்துனதாலதான்," என்றார் நர்ஸம்மா.

"வயித்துல கீற புள்ளைக்கு ஆவாதுன்னு நிறுத்தனோம்."

"என்னைக் கேட்டீங்களா? அவளையாவது கேட்டீங்களா? இன்னிக்கே டாக்டர் பாக்கலன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

மரத்தைக் கண்டு அந்தப் பெண் நகர மறுத்தாள். கால் மட்டும் நிற்காமல் மண்ணைத் தேய்த்தது. நான் மரம் இழுத்த கயிற்றை நீட்டினேன். "அவ கைய கட்டுங்கம்மா. தூக்கி அந்தாண்ட வுட்டுடறோம்."

நர்ஸம்மா வாங்கவில்லை. அவளிடம் கேட்டார்: "மரத்த தாண்டலாமா, வயல்ல எறங்கலாமா?" கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"பைத்தியத்தப் போய் கேக்கறாங்க பாரு," என்று ஒருவன் சிரித்தான். அவர் திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் பேசினாள். "அந்தக் கயித்தக் கீழ போடச் சொல்லு."

போட்டேன். அவளே வயலில் இறங்கி நடந்தாள்.

போய்ச் சேர்ந்தார்களா, தெரியாது. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்றுதான் அன்று மரத்தை வெட்டினோம். அவளைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.