கசந்த சுரைக்காய் ஜூஸ்

ராஜகீழ்ப்பாக்கத்தில் கோகிலவாணிக்கு எதிரே வாயைத் திறக்கிற ஆள் குறைவு. வாடகைப் பணம் மாதாமாதம் வந்தாலும், பத்து ரூபாய் செலவென்றால் பத்து கேள்வி கேட்பாள். அவளிடம் போய், "ஏரிக்கரை வண்டியில தினம் சுரைக்கா ஜூஸ் குடிக்கிறேன், சுகருக்கு நல்லதாம்" என்று அவள் புருஷன் துளசிங்கம் உளறலாமா? மனிதர் உளறிவிட்டார்.

"ஒரு கிளாஸ் அம்பது ரூபாவா? காசு இன்னா கொட்டியா கெடக்குது? அந்தக் காசுல ரெண்டு சுரைக்கா வாங்கி வூட்டுலயே அடிச்சிடுவேன்!"

மறுநாள் காலையே மிக்ஸி ஓடியது. இஞ்சி, புதினா, எலுமிச்சை எல்லாம் சேர்த்து, ஒரு சொம்பு நிறைய வடிகட்டி நீட்டினாள். வண்டிக்காரனை ஜெயித்துவிட்ட மிதப்பு முகத்தில்.

ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். "வாணி, ரொம்பக் கசக்குது. வண்டியில இப்டி இருக்காது."

"கசந்தாதான் சுகருக்கு நல்லது. பாவக்கா இன்னா இனிக்கவா செய்யுது? மூக்கைப் புடிச்சிகினு குடிங்க."

குடித்தார், பாவம். சொம்பைக் கவிழ்த்தும் காட்டினார்.

அரை மணி நேரம் ஆகவில்லை, வாந்தி ஆரம்பித்துவிட்டது. அடுத்தடுத்து எடுத்ததில் ரத்தமும் வந்தது. "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று கோகிலவாணி போட்ட கூச்சலில் கீழ்வீட்டில் குடியிருக்கும் தினகரன் ஓடிவந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

என்ன சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்டாள். சுரைக்காய் ஜூஸ் என்றதும் அவள் முகம் மாறியது. "கசந்துச்சா?"

"ஆமாம்மா. கசப்பு நல்லதுதானே?"

"கசக்குற சுரைக்கா விஷம்மா. முதல் வாயிலேயே துப்பியிருக்கணும். பிரஷர் ரொம்ப இறங்கிடுச்சு, இப்ப எதுவும் சொல்ல முடியாது. வேற யாராவது குடிச்சாங்களா?"

கோகிலவாணி போனைத் தேடி எடுத்தாள். சூர்யா! நைட் ஷிப்ட் முடித்து மாடியில் அசந்து தூங்குகிற மகன். அவன் படுக்கப் போகும்போதே அவன் பங்கைத் தலைமாட்டில் வைத்து, "எழுந்ததும் குடி, ஒரு சொட்டு மிச்சம் வெச்சே, தொலைச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவளேதான்.

அவனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. பாத்ரூமில் விழுந்து கிடக்கிறானோ? கூப்பிடக் குரல்கூட வரவில்லையோ? மூன்றாம் முறை அடித்தாள்.

"இன்னாம்மா? தூங்க வுடு."

"டேய், ஜூஸ் குடிச்சியா?"

"ம்... குடிச்சிட்டேன்மா. முழுசும்."

அவள் அலறிய அலறலில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

"அம்மா! அம்மா, இல்லம்மா! வாயில வெச்சதும் கசந்துச்சு, அப்பவே சிங்க்ல ஊத்திட்டுதான் படுத்தேன். நீ கத்துவேன்னு பொய் சொன்னேன். திட்டாதம்மா."

"ஊத்திட்டியா? சத்தியமா?"

"சத்தியமாம்மா."

"என் சாமி, நல்ல காரியம் பண்ணேடா" என்று தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஊற்றிவிட்டுப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் உள்ளே படுத்திருந்தார். அவரிடம் திரும்பிப் போன டாக்டரம்மா இன்னும் வெளியே வரவில்லை.