எலி கீறும் பாடம்

றாபியா இப்போது சட்டை தைக்கிறாள். கல்முனையில் அவள் கைக்கு நல்ல பெயர். கல்யாண வீட்டுத் துணியெல்லாம் அவளிடம்தான் போகிறது. "கெட்டிக்காரப் புள்ள" என்று ஊர் மெச்சும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தையலுக்கு ஆசைப்பட்டவள் அல்ல. அவள் எதற்கு ஆசைப்பட்டாள், அது எப்படிக் கையை விட்டுப் போனது என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்கிறார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

நான் தங்கேஸ்வரி, பாண்டிருப்புப் பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நானும் றாபியாவும் ஒரே வாங்கில் இருந்தோம். எங்கள் வகுப்பில் அவள் ஒருத்திதான் முஸ்லிம் பிள்ளை. வயதுக்கு வந்த மகளை அந்த நாளில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதென்றால் தகப்பனுக்கு நெஞ்சழுத்தம் வேண்டும். அவளுடைய வாப்பா நூஹுவுக்கு அது நிறைய இருந்தது. மாவடிப்பள்ளியில் சொந்த வயல் செய்கிறவர். மாட்டு வண்டிக்கு முன்னும் பின்னும் சேலை கட்டி, மகளை உள்ளே இருத்தி, தானே ஓட்டிக்கொண்டு வருவார். சந்தைக் கடைகளில் இருப்பவர்கள், "நூஹுட வண்டியில துரைசானி போறா" என்று நையாண்டி பண்ணுவார்கள். அவர் மாட்டை அதட்டுகிற சாட்டில் அவர்களை அதட்டிக்கொண்டு போவார்.

அந்த அழுத்தம் சும்மா வந்ததல்ல. றாபியாவின் உம்மா இரண்டாவது பிள்ளைப்பேற்றில் மௌத்தானவர். மருத்துவிச்சி கைவிட்ட பிறகு ஆசுபத்திரியிலிருந்து டாக்குத்தரைக் கூட்டி வந்தார்கள். ஆண் டாக்குத்தர். அறைக்குள் இருந்த பெண்கள் கதவைத் திறக்கவில்லை. அவர் முற்றத்தில் நின்றபடியே இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தார். உள்ளே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கத் தாயும் போனாள், பிள்ளையும் போனது. "பொம்புள டாக்குத்தர் ஒராள் இரிந்திருந்தா அந்தக் கதவு திறந்திரிக்கும்" என்பது நூஹு வாயில் ஓயாத பேச்சு. அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை றாபியா. தான் அந்தப் பொம்புள டாக்குத்தராக வர வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு. நாங்கள் எஸ்.எஸ்.சி. வகுப்புக்கு ஏறினோம். அங்கே பாடம் பிரியும். ஒரு பக்கம் உயிரியலும் இரசாயனமும்; மறு பக்கம் மனையியலும் சரித்திரமும். எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கம்தான் கடைசி மட்டும். தகப்பன்மார் திங்கட்கிழமை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார் பெரிய ரீச்சர் நேசரட்ணம். உயிரியல் இல்லாமல் டாக்குத்தர் படிப்பை நினைத்தும் பார்க்க முடியாது என்பதையும் அவரே சொன்னார். சொல்லும்போது றாபியாவைப் பார்த்துச் சிரித்தார்.

உயிரியல் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து கனகசபாபதி மாஸ்டர் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் வெருட்டிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோசம். "என்னட்ட வாற பிள்ளையள் எலி கீறவேணும். பயந்தாங்கொள்ளியள் மனையியலுக்குப் போய்க் கேக் அவியுங்கோ" என்றார். நான் அந்த இடத்திலேயே கேக் பக்கம் சாய்ந்துவிட்டேன். றாபியாவுக்கோ கண் பளிச்சென்றது. வீட்டுக்குப் போனதும் போகாததுமாக வாப்பாவிடம் ஒப்பித்திருக்கிறாள்.

"வாப்பா, உயிரியல் பாடத்தில எலி கீறுறாம்."

"என்னத்துக்கு மகள்?"

"எலிட வகுத்தக் கத்தியால கீறி உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு பாக்கத்தான். மனுசர்ர உள்ளும் அப்பிடித்தானாம்."

நூஹுவுக்கு அதில் அருவருப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் வாய் அவருக்குத் தெரியும். வண்டியில் சேலை கட்டியதற்கே கதைத்தவர்கள், நூஹுட மகள் எலி அறுக்கிறாள் என்று கேள்விப்பட்டால் சும்மா இருப்பார்களா? பள்ளிவாசலில் தொழுவிக்கிற லெப்பையிடம் மார்க்கப்படி ஒரு வார்த்தை வாங்கி வைத்துக்கொண்டால் எல்லா வாயையும் அடைத்துவிடலாம் என்று நினைத்தார். மகளைக் காக்கத்தான் போனார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் லெப்பையைப் பிடித்தார். அன்றைக்கு ஒரு ஜனாஸா அடக்கம் இருந்தது. சனம் லெப்பைக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"லெப்பை, ஒரு விசயம். பள்ளிக்கூடத்தில எங்கட புள்ளைய எலி கீறச் சொல்றாங்களாம். கூடுமா?"

லெப்பை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "உசிருள்ள ஒண்டையும் கீறக் கூடா, நூஹு காக்கா. கீறினா மறுமையில பதில் சொல்லணும்."

அவ்வளவுதான். லெப்பை ஜனாஸாவோடு போய்விட்டார். நூஹு வெயிலில் நின்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது றாபியா முதலில் நம்பவில்லை. "வயலுக்குள்ள எலி அடிக்கிறீங்கதானே வாப்பா? பொறி வைக்கிறீங்கதானே?" என்று கேட்டிருக்கிறாள். "அடிக்கிறது வேற, கீறுறது வேறயாக்கும்" என்றார் அவர். அவருக்கே அது விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்ததாம். "திருப்பி ஒருக்காக் கேளுங்க வாப்பா" என்று காலைப் பிடித்தாள். "மறுமையெண்டு சொன்ன பிறகு திருப்பி என்னத்தக் கேக்க?" என்று எழும்பிப் போய்விட்டார். மாட்டுக்கு வைக்கோல் போடப் போனவர் கன நேரம் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் றாபியா என்னிடம் ஓடி வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் படவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"தங்கேஸ், நீ உயிரியல் எடுகா. நீ கீறு, நான் பக்கத்தில நிண்டு பாக்கன். பாக்கிறது கூடும்தானே?"

எனக்கு எலியை நினைத்தாலே குமட்டும். ஆனாலும் ஓம் என்றேன். இரண்டு பேருமாகக் கனகசபாபதி மாஸ்டரிடம் போனோம். அவர் அன்றைக்கு வெருட்டவில்லை. "சோதினையில ஆளாளுக்கு ஒரு எலி தருவாங்கள் பிள்ளை. அவரவர்தான் கீறவேணும். மற்றவை கீறிக் குடுக்க ஏலாது" என்றார்.

நூஹு வந்தார். பெரிய ரீச்சரின் மேசைக்கு முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். "மனையியல்" என்றார். நேசரட்ணம் ரீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற மாஸ்டர், "ஏன் நூஹு, இவ்வளவு நாளும் ஒரே பிடியில நிண்டியளே?" என்று கேட்டார்.

"எங்கட மார்க்கத்தில கூடாவாம் சேர்."

அந்தச் சொல் வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ரீச்சர் கிறிஸ்தவர், மாஸ்டர் சைவக்காரர். மற்றவர் மார்க்கத்துக்குள் மூக்கை நுழைப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர்கள். யார் சொன்னது, எதைக் கூடாது என்றது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். மரியாதை பார்த்தே எங்கள் பக்கத்தில் பல காரியங்கள் பாழாய்ப் போகின்றன. றாபியாவின் பெயர் மனையியலில் விழுந்தது.

பிறகு வந்த ஒரு வருடத்தை நான் விவரமாகச் சொல்லப்போவதில்லை. அவள் புட்டிங் அவித்தாள், பித்தான் துளை தைத்தாள். அடுத்த அறையில் மாஸ்டரின் குரல் கேட்டால் ஊசியை அப்படியே வைத்துவிடுவாள். வீட்டில் வாப்பாவோடு கதைப்பதை விட்டுவிட்டாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், வாய் திறக்கமாட்டாள். நூஹு ஆறு மாதத்தில் கிழவனாகிப் போனார். அடுத்த வருட நடுவில் மாஸ்டருக்கு இடமாற்றம் வந்தது. பதிலுக்கு ஆள் வரவில்லை. உயிரியல் படித்த பிள்ளைகள் மட்டக்களப்பில் தங்கிப் படிக்கிற போடிங்குக்குப் போனார்கள். அறையைப் பூட்டி, உடைந்த கதிரைகளை உள்ளே அடுக்கினார்கள்.

அந்த நாட்களில்தான் மௌத்தான உம்மாவின் பெயரில் வீட்டில் குர்ஆன் கத்தம் ஓதினார்கள். லெப்பை வந்தார். மண்டபத்துக் கதிரையில் றாபியா தைக்கத் தொடங்கியிருந்த தலையணை உறை கிடந்தது. மனையியலுக்கு எல்லோரும் கிளி தைக்க வேண்டும். துணியில் முதலில் பென்சிலால் கிளியைப் போட்டுவிட்டு அதன்மேல் நூல் ஓட்டுவோம். லெப்பை உறையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன நூஹு காக்கா இது? உசிருள்ளதக் கீறக் கூடாண்டு அண்டைக்கே சொன்னன்தானே?"

"இது கிளிதானே லெப்பை. நீங்க எலியத்தானே கூடாண்டீங்க."

"எலியெண்டா என்ன, கிளியெண்டா என்ன? உருவம் உருவம்தானே? படம் கீறினா அதுக்கு உசிரு குடுக்கச் சொல்லி மறுமையில கேப்பாங்க."

"படமா?" என்றார் நூஹு. "நான் கேட்டது வகுத்தக் கீறுறத லெப்பை. கத்தியால."

லெப்பை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எலிய வெட்டுறதில என்ன கிடக்கு? படிப்புக்குத்தானே? தாராளமாக் கூடுமே!"

எங்கள் ஊரில் படத்தையும் கீறுவோம், கருவாட்டு மீனையும் கீறுவோம். ஒரே சொல்தான். பள்ளிக்கூடம் என்றதும் லெப்பை பென்சிலை நினைத்தார். நூஹு கத்தியை நினைத்துக்கொண்டு கேட்டார். சிரிப்புக் கதையாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த றாபியா எழுப்பிய சத்தத்தை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் யாருக்கோ வலி கண்டுவிட்டதென்று ஓடி வந்தார்களாம்.

மறுநாள் காலை நூஹு லெப்பையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மிஷன் பள்ளிக்கூட வாசற்படியை லெப்பை மிதித்தது அன்றைக்குத்தான். "பிழை என்ட வாயிலதான் ரீச்சர். நான் கூடுமெண்டு சொல்றன். புள்ளைய அந்தப் பாடத்தில சேருங்க" என்று கெஞ்சினார். நூஹு கையைக் கூப்பினார். நேசரட்ணம் ரீச்சர் அழுதுவிட்டார். பூட்டிக் கிடந்த அறையைக் காட்டினார். "இனி இஞ்ச அந்தப் பாடம் இல்ல. மட்டக்களப்பில முதல் வருசத்திலயிருந்து தொடங்கலாம். நான் கதைச்சு இடம் எடுத்துத் தாறன். ஆனா போடிங்கில நிண்டுதான் படிக்க வேணும்" என்றார்.

நூஹுவின் தலை குனிந்தது. ஊர் வாயை வண்டிச் சேலையால் மறைத்தவர் அவர். வயதுக்கு வந்த மகளைக் கண்காணாத ஊரில், வீட்டு ஆண்துணை இல்லாமல் இராத் தங்க விடுவதை மறைக்க அவரிடம் சேலை இல்லை. அவர் லெப்பையைப் பார்த்தார். லெப்பை சுவரைப் பார்த்தார்.

றாபியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு லெப்பைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"லெப்பை, மட்டக்களப்புக்குப் போய், போடிங்கில தங்கி, கத்தியால எலி வெட்டி, நான் டாக்குத்தருக்குப் படிக்கக் கூடுமா? விளங்காட்டித் திருப்பிச் சொல்றன்."

லெப்பைக்கு இந்த முறை எல்லாம் விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கூடா மகள்" என்றார்.