முன் சக்கரத்தின் உதறல்

ஐம்பதுகளின் தொடக்கம். மீனம்பாக்கத்தில் சிறிய விமானங்களைப் பழுது பார்க்கும் வேலை எனக்கு, வீடு ராயபுரத்தில். ஒருநாள் காலை, எங்கள் விமானம் ஒன்று எண்ணூர் உப்பங்கழி ஓரத் திடலில் அவசரமாக இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. கருவிப் பையோடு பஸ் ஏறினேன்.

இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம். பெட்ரோல் குழாயில் அடைப்பு. அதைச் சீக்கிரமே எடுத்துவிட்டேன்.

"அது கிடக்கட்டும். தரையில ஓடும்போது முன் சக்கரம் பேய் பிடிச்ச மாதிரி ரெண்டு பக்கமும் உதறுது" என்றார் விமானி.

டயரில் காற்று குறைவு; அச்சு நட்டும் தளர்ந்திருந்தது. இரண்டையும் சரிசெய்தேன். திடலில் ஓட்டிப் பார்த்தார். உதறல் முக்கால்வாசி அடங்கியிருந்தது. இது போதும், கிளம்புகிறேன் என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

வேடிக்கை பார்க்க மீனவக் குப்பமே கூடியிருந்தது. மீன் கூடையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மாள் கேட்டார்: "இன்னா நைனா, ரிப்பேரு முட்ச்சிட்டியா? நீயும் இதுல குந்திகினு போவியா?"

"இல்லம்மா, நான் பஸ்ல போறேன்."

"ஏன், பயமா கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால், ஏறச் சொன்னால் ஏறுவேனா என்று யோசித்தபோது, மாட்டேன் என்றே தோன்றியது.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன். விமானி முகம் சுளித்தார். குப்பத்து ஆட்கள் சிலரை வால் பக்கம் அழுத்திப் பிடிக்கச் சொன்னதும் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. அதைக் கையால் பிடித்து இடமும் வலமும் அசைத்தேன். மேலே இணைப்பில் 'டக்'கென்று ஒரு சத்தம். அங்கிருந்த போல்ட்டைக் கழற்றினால், ஒரு பக்கம் தேய்ந்து, நடுவில் மயிரிழை போல விரிசல். இறங்கும் வேகத்தில் அது முறிந்தால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும்.

விமானி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையில் இருந்த தோல் குல்லாயைக் கழற்றிவிட்டு இறக்கையின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் புது போல்ட் கொண்டுவந்து மாட்டினேன். இந்த முறை நானாகவே பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அதுவரை நான் பறந்ததே இல்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சக்கரம் தரையைத் தொட்டது. ஓர் உதறல்கூட இல்லை.

எண்ணூரிலிருந்து கிளம்பும் முன் கூட்டத்தில் அந்த மீன்கூடை அம்மாளைத் தேடியிருந்தேன். வியாபாரத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். விளையாட்டாகக் கேட்ட கேள்வியால் ஓர் உயிர் தப்பியது அவருக்குத் தெரியவே போவதில்லை என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் குறையாக இருக்கிறது.